முகப்பூச்சும் வண்ணத் திருத்தமும்

துவைத்த வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது எதற்காக? வெள்ளை பளிச்சென்று தெரிவதற்காக என்பதே எல்லாரும் சொல்லும் விடை. ஆனால் நீலம் அழுக்கை அகற்றுவதில்லை; துணியை வெளுப்பதும் இல்லை. பலகாலம் உடுத்துத் துவைத்த பருத்தித் துணியில் மெல்ல மெல்ல ஒரு மஞ்சட் சாயல் ஏறிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு நீலம் கலந்து அலசி எடுத்தால், அந்நீலம் மஞ்சளுக்கு எதிர்நிறமாக நின்று அதன் சாயலை அடக்குகிறது. மஞ்சளும் தெரியாமல், நீலமும் தெரியாமல், கண்ணுக்கு வெண்மை ஒன்றே தெரிகிறது. இரண்டு சொட்டு மிகுந்துவிட்டாலோ வேட்டி நீலம் பாரித்து நிற்கிறது. எதிர்நிறம் இன்னதென்று அறிந்து, அளவும் அறிந்து, ஒரு சாயலை மற்றொரு சாயலால் அடக்கும் இக்கலையை நம் இல்லங்களில் ஏட்டுக் கல்வி இல்லாத பாட்டிமாரும் செவ்வனே அறிந்திருந்தனர்.

இன்று அழகுப்பொருள் கடைகளில் 'கலர் கரெக்டர்' என்னும் பெயரால் சிறு சிமிழ்களிலும் குழல்களிலும் விற்கப்படும் பூச்சு, இதே தத்துவத்தை முகத்திற்குக் கொண்டுவந்ததேயன்றி வேறன்று. இதனை 'வண்ணத் திருத்தி' என்று இங்கே வழங்குவோம். பச்சை, மஞ்சள், இளவூதா, பீச் பழத்தின் நிறம், ஆரஞ்சு, செங்கல் நிறம் எனப் பல வண்ணங்களில் இது கிடைக்கிறது. இவற்றைக் கண்ட மாத்திரத்தில், 'பச்சையையும் ஊதாவையும் முகத்தில் பூசுவதா? இது கூத்து வேடமன்றோ?' என்று நகைக்கத் தோன்றும். ஆயின் இப்பூச்சு வெளியே தெரிவதற்காக இடப்படுவதன்று. தோலில் ஒரு சிறு இடத்தில் மிகுந்து தோன்றும் நிறத்தை அடக்கிவிட்டு, தானும் மறைந்துபோவதே இதன் தொழில்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் பெண்மணிகளுக்கு இப்பொருளைப் பற்றிய தெளிவு சிறப்பாக வேண்டும். தில்லியிலோ சண்டிகரிலோ லக்னௌவிலோ ஒரு கடைக்குச் சென்றால், அங்குக் காட்டப்படும் மாதிரிகள் பல வேளைகளில் வெளிர்நிறத் தோலை மனத்திற் கொண்டு அமைந்தவையாக இருக்கின்றன. பொருளுடன் அச்சிட்டுத் தரப்படும் வண்ண அட்டவணைகளிற் பலவும் அத்தகையனவே. அவற்றை அப்படியே பின்பற்றும் மாநிறப் பெண்ணின் முகம் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடுகிறது. குறை அந்தத் தேர்விலே உள்ளது. ஆனால் கண்ணாடியில் அதைக் காணும் பெண்ணோ, குறை தன் நிறத்தில் உள்ளதென்று கருதிக்கொள்கிறாள். அந்த எண்ணம் அவளை எத்தகைய களிம்புகளிடம் கொண்டுபோய் விடக்கூடும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வண்ணங்களின் உறவைச் சிறிது அறிந்துகொள்வது நலம். ஆங்கில விஞ்ஞானி நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலில் வண்ணங்களை ஒரு வட்டமாக வரிசைப்படுத்திக் காட்டினார். ஓவியர்கள் பிற்காலத்தில் வழக்கிற் கொண்ட வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே பச்சையும், நீலத்திற்கு எதிரே ஆரஞ்சும், மஞ்சளுக்கு எதிரே ஊதாவும் அமைந்திருக்கின்றன. எதிரெதிர் நிறங்களைக் குழைத்தால் இரண்டும் தம் பகட்டை இழந்து, மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறும். காரணம் எளிது. ஆரஞ்சு நிறப் பொருள் ஆரஞ்சாகத் தோன்றுவது, தன் மீது விழும் ஒளியில் நீலப் பகுதியை அது விழுங்கிவிடுவதால். எனவே நீலம் மிகுந்த இடத்தின் மீது அதைப் பூசினால், மிகுதியாக நின்ற நீலம் குறைகிறது.

இந்த அறிவு மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆடை அணி ஒப்பனைகளால் நிகழும் ஆகார்ய அபிநயத்தை விளக்கும் நாட்டிய சாத்திரம், வெண்மை, நீலம், மஞ்சள், செம்மை என்னும் நான்கையும் அடிப்படை வண்ணங்களாகக் கொண்டு, அவற்றைக் கலந்து பிற வண்ணங்களைப் பெறும் முறையைக் கூறுகிறது. கேரளத்துக் கதகளியில் பச்சை வேடத்தின் பச்சை நிறம் மரபாக அரிதாரமும் நீலமும் சேர்த்துக் குழைத்துப் பெறப்படுவதே. அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர். நடிகர்கள் அதைக் குழைத்து முகத்தில் பூசிவந்ததனால், 'அரிதாரம் பூசுதல்' என்னும் தொடர் தமிழில் வேடமிடுதலுக்கே பெயராயிற்று. அக்கனிமம் ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமம் கலந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அழகு தரும் பொருளில் நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்பது பழைய செய்தி. அது இன்றும் தீராத செய்தி.

பிரான்சு நாட்டில் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர் 1824ஆம் ஆண்டில் கோபலென் நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக அமர்ந்தார். அங்கே நெய்யப்படும் திரைகளில் கறுப்புச் சாயம் ஆழமின்றி வெளிறித் தோன்றுகிறது என்னும் முறையீடு வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்த அவர், அதில் பழுதில்லை என்றும், கறுப்பு நூலின் அருகே நெய்யப்பட்ட பிற வண்ணங்களே அதை அவ்வாறு தோன்றச் செய்கின்றன என்றும் கண்டார். ஒரு நிறம் தன்னளவில் மட்டும் காணப்படுவதில்லை. பக்கத்து நிறத்தோடு சேர்ந்தே காணப்படுகிறது என்னும் இவ்விதியை அவர் 1839ஆம் ஆண்டில் பெரிய நூலாக வெளியிட்டார். பச்சைப் புடவை உடுத்த நாளில் கன்னத்துப் பருவின் சிவப்பு ஓங்கித் தெரிவதும் இவ்விதியின்படியே. ஆதலால், 'இன்று முகம் ஏன் இப்படி இருக்கிறது?' என்று கவலையுறுமுன், உடுத்த புடவையின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இனி, நம் தோலின் தன்மைக்கு வருவோம். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கரும்பொருள். அது வெயிலின் புறஊதாக் கதிர்களை ஓரளவு தடுத்து உடலைக் காக்கிறது. மெலனின் மிகுந்த தோலுக்கு ஓர் இயல்பு உண்டு: பருவோ, கொப்புளமோ, கீறலோ, அரிப்போ எது வந்து ஆறினாலும், அந்த இடத்தில் கருமை தங்கிவிடும். வெளிர்நிறத் தோலில் சிவந்த வடுவாகச் சிலகாலம் நிற்பது, மாநிறத் தோலில் பழுப்பாகவோ கருமையாகவோ மாதக்கணக்கில் நிற்கிறது. எனவே நமக்குத் திருத்தம் வேண்டுவது பெரும்பாலும் கருமைக்கே, சிவப்புக்கு அன்று. இந்த ஒரு வேற்றுமையை அறிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

கண்ணின் கீழே தோன்றும் கருவளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தோல் மிக மெல்லியது. அதன் அடியில் ஓடும் இரத்தக் குழாய்களும், சிலருக்கு அங்குப் படிந்துள்ள மெலனினும் சேர்ந்து கருநீலமாகத் தோன்றுகின்றன. கறுப்பு ஏன் நீலமாகத் தோன்ற வேண்டும்? தோலினுள் புகும் ஒளியில் செந்நிறப் பகுதி ஆழம்வரை சென்று அங்குள்ள கரும்பொருளால் விழுங்கப்படுகிறது. நீலப் பகுதியோ மேலடுக்குகளிலேயே சிதறித் திரும்பிவருகிறது. விளக்குக் கரியைக் கொண்டு ஊசியால் குத்தினாலும், தோலின் அடியில் அது கறுப்பாகத் தெரியாமல் நீலப் பச்சையாகத் தெரிவது இதனாலேயே. அதற்குப் 'பச்சை குத்துதல்' என்றே நம்மவர் பெயர் வழங்குவதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். மழித்த தாடையில் ஆடவர்க்குத் தோன்றும் நீலச் சாயலுக்கும் காரணம் இதுவே. மேடையேறும் ஆடவருக்கும் ஒப்பனைக் கலைஞர்கள் அவ்விடத்தில் ஆரஞ்சுப் பூச்சை இடுவது உண்டு.

நீலத்திற்கு எதிர்நிறம் ஆரஞ்சு என்று முன்னரே கண்டோம். ஆதலின் கருவளையத்திற்கு உரிய திருத்தி ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அக்குடும்பத்திலும் எந்த அளவு ஆழமான நிறம் என்பது அவரவர் தோலைப் பொறுத்தது. வெளிர்ந்த கோதுமை நிறத்தார்க்குப் பீச் பழத்தின் இளநிறம் போதும். மாநிறத்தார்க்குத் தெளிவான ஆரஞ்சு வேண்டும். கறுத்த மேனியுடையார்க்குச் செங்கல் போன்ற செவ்வாரஞ்சே பொருந்தும். கறுத்த தோலில் இளம் பீச் நிறத்தைப் பூசினால் சாம்பல் படர்ந்தாற்போல் ஆவது ஏன்? இளநிறப் பூச்சுகள் இளநிறமாக இருப்பது அவற்றில் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்பொடி மிகுதியாகக் கலந்திருப்பதால். கருமையின் மீது வெண்மையைப் பரப்பினால் கிடைப்பது சாம்பலே. செவ்வாரஞ்சிலோ வெண்பொடி குறைவு. இரும்பு ஆக்சைடு என்னும் செம்பொருளே மிகுதி. மார்கழிக் கோலத்தைச் சுற்றிச் செம்மண்ணால் கரை கட்டுகிறோமே, அச்செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஆக்சைடே. ஆனால் முகப்பூச்சிற்கு உரியது தூய்மை செய்யப்பட்டது. மண்ணையோ காவிக்கல்லையோ கரைத்து முகத்தில் இட்டுப் பார்க்கும் துணிவு எவருக்கும் வேண்டா.

பிற வண்ணங்களையும் சுருக்கமாகக் காண்போம். பச்சை, சிவப்பை அடக்குவது. பருவின் சிவப்பு வெளிப்படையாகத் தெரியும் வெளிர்நிறத் தோலுக்கு அது பயன்படும். மாநிறத் தோலில் அதே பரு பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிவதால், பச்சை பெரும்பாலும் தேவையில்லை. இட்டால் வெளிறிய திட்டாக நிற்கும். அங்கும் ஆரஞ்சே துணை. மஞ்சள், ஊதாச் சாயலை அடக்குவது. கண்ணிமையில் தோன்றும் மெல்லிய ஊதா நரம்புகளுக்கு உதவும். இளவூதா, மஞ்சள் பாரித்த முகத்தின் மங்கலை நீக்குவதாகச் சொல்லி விற்கப்படுவது. நம்மில் பலருடைய தோலில் மஞ்சட் சாயல் இயல்பாகவே உண்டு, அது குறையன்று. வெண்பொடி மிகுந்த இளவூதாவை மாநிறத் தோலில் பூசுவதால் விளைவது பெரும்பாலும் சாம்பலே. ஆறு வண்ணங்கள் அடங்கிய பெட்டியை வாங்குவதைக் காட்டிலும், தம் தோலுக்கு ஏற்ற ஒரே ஓர் ஆரஞ்சு நிறத்தைத் தேடி வாங்குவது நம்மவர் பலருக்குச் சிக்கனமும் ஆகும், பயனும் ஆகும்.

அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்மணி தீபிகா முத்யாலா, சிவப்பு உதட்டுச்சாயத்தையே கண்ணின் கீழ் இட்டு, அதன் மேல் தோல்நிறப் பூச்சைப் பூசிக் கருவளையத்தை மறைத்துக் காட்டிய படம் 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. நம் போன்ற தோலுக்குச் செந்நிறமே திருத்தி என்பதைப் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உதட்டுக்கு ஏற்றதென அமெரிக்க விதிகள் இசையும் சிவப்புச் சாயங்களிற் சிலவற்றைக் கண்ணருகே இட அதே விதிகள் இசைவதில்லை. ஆகவே தத்துவத்தை அதனிடமிருந்து கற்றுக்கொண்டு, பொருளைக் கண்பகுதிக்கென்றே செய்யப்பட்டதாகப் பார்த்து வாங்குதல் தக்கது.

நாள்தோறும் செய்துகொள்ளும் எளிய ஒப்பனையில் இதைப் பயன்படுத்தும் முறை வருமாறு. முகத்தை மென்மையான சோப்பினால் கழுவி, ஈரப்பசை தரும் கிரீமைத் தடவிச் சில நிமிடங்கள் விட வேண்டும். பகலில் வெளியே செல்வோர் அதன்மேல் வெயில் தடுப்புப் பூச்சையும் இட்டுக்கொள்ளட்டும். வெயில் பட்டால் உள்ள கருமை இன்னும் கறுக்கும். பிறகு அரிசி மணி அளவு வண்ணத் திருத்தியை மோதிர விரலின் நுனியில் எடுத்து, கருமை எங்கே மிகுதியோ அங்கே மட்டும் புள்ளியாக வைத்து, தேய்க்காமல் மெல்லத் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். மற்ற விரல்களை விட மோதிர விரலின் அழுத்தம் குறைவு என்பதால் அதைச் சொல்கிறோம். ஒரு நிமிடம் பொறுத்து, தோலின் நிறத்தையே ஒத்த கன்சீலர் அல்லது ஃபவுண்டேஷனை மெல்லிய படலமாக மேலே ஒற்ற வேண்டும். இங்கும் தேய்த்தால், கீழே இட்டது கலைந்து மேலேறி, முகத்தில் ஆரஞ்சுத் திட்டுத் தெரியும். இறுதியில் மிகச் சிறிதளவு பவுடரைத் தொட்டுவைத்தால் பூச்சு நிலைத்து நிற்கும்.

ஆரஞ்சு வெளியே தெரிந்தால் பூசியது மிகுதி என்று கொள்க. சாம்பல் தெரிந்தால் நிறம் வெளிறியது என்று கொள்க. முன்னதற்கு அளவைக் குறைப்பதும், பின்னதற்கு ஆழமான நிறத்தைத் தேடுவதும் மருந்து. சிலருக்குக் கண்ணின் கீழ் உள்ளது நிறமே அன்று. கன்னத்து எலும்புக்கும் இமைக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் விழும் நிழல். கண்ணாடிக்கு நேரே முகத்தின் மீது விளக்கைப் பிடித்தால் மறைந்துவிடுவது நிழல். அதற்கு எந்த வண்ணமும் திருத்தமாகாது. அதை எண்ணிக் காசைச் செலவிட வேண்டா.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் இடமும் முக்கியம். கடையின் விளக்குகள் ஒன்று மஞ்சளாகவோ மற்றொன்று நீலமாகவோ ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும். மாதிரியைப் புறங்கையில் இட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தோல்நிறப் பூச்சைத் தாடையோரத்தில் சிறிது தடவிக்கொண்டு, கடைவாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். கழுத்தோடு ஒத்துப்போவதே உரிய நிறம். 'இதைவிட இரண்டு படி வெளுப்பானதை எடுத்துக்கொள்ளுங்கள், பெண்ஜி' என்று விற்பவர் அன்போடு சொன்னாலும் இணங்க வேண்டா. மொழி தெரியாத ஊரில் மறுத்துச் சொல்லத் தயக்கமாக இருக்கலாம். கழுத்தையும் பூச்சையும் சுட்டிக் காட்டித் தலையசைத்தால் போதும். அதற்கு மொழி வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் காற்றும் வேறு. தில்லியின் பனிக்காலத்தில் தோல் வறண்டு செதிளெழும். அப்போது ஈரப்பசைக் கிரீம் தாராளமாக வேண்டும், பவுடர் குறைய வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வியர்வை மிகுதி. அங்கே பூச்சின் படலம் மெலிதாக இருந்தால்தான் வழியாமல் நிற்கும். புதிதாக வாங்கிய எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்திற்குக் கொண்டுவரலாம். இரவில் உறங்குமுன் எல்லாப் பூச்சையும் கழுவிவிட வேண்டும். கண்ணருகே இடும் பொருளைத் தங்கையோடும் தோழியோடும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அன்பைக் காட்டும், கண்ணோயையும் பரப்பும்.

இதுவரை சொன்னது திருத்தம். திருத்தம் வேறு, வெளுப்பு வேறு. வண்ணத் திருத்தி ஒருத்தியின் நிறத்தை மாற்றுவதில்லை. ஓரிடத்தில் மாறித் தோன்றும் நிறத்தை அவளுடைய இயல்பான நிறத்தோடு சேர்த்துவிடுகிறது. மாலையில் கழுவினால் போய்விடுகிறது. வெளுப்புக் களிம்பு அவ்வாறன்று. அவற்றிற் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டில் சிறுநீரக நோயுடன் வந்த சிலரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் வெளுப்புக் களிம்பு பூசிவந்தவர்கள் என்பது தெரியவந்தது. 2013ஆம் ஆண்டில் நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருள்களை 2020ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டுமென வகுத்தது. ஆயினும் அவை திருட்டுத்தனமாக விற்கப்படுகின்றன. தயாரிப்பாளரின் முகவரியும், உரிம எண்ணும், சேர்மானங்களின் பட்டியலும், பயன்படுத்தத் தக்க காலவரையும் அச்சிடப்படாத சிமிழை, யார் பரிந்துரைத்தாலும் வாங்கலாகாது. ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறதென்றால் மகிழ வேண்டா, அஞ்ச வேண்டும்.

மற்றொரு வகைக் களிம்பில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். மருத்துவர் சீட்டோடு, குறித்த நாள்வரை பூச வேண்டிய அம்மருந்தை அழகுக் கிரீமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் எழும்பி, முகத்தில் மயிரும் வளரும். நிறுத்தினாலோ எரிச்சலும் சிவப்பும் பன்மடங்காகும். அப்பொழுது அதை மறைக்க மேலும் மேலும் பூச்சுத் தேவைப்படும். இத்துயரத்தில் அகப்பட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் சென்று அவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

மறைக்கக் கூடியவை உண்டு. மறைக்கக் கூடாதவையும் உண்டு. முகம் வெளிறி, கருவளையம் திடீரென்று ஆழ்ந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்றால், கீழிமையைச் சற்றே இறக்கி உட்புறத்தைப் பாருங்கள். அங்கே செம்மை குன்றி வெளுத்திருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று கண்டது. இது வண்ணத்தால் தீரும் குறையன்று. இரத்தப் பரிசோதனையாலும் மருந்தாலும் உணவாலும் தீர்வது. பிடரியிலும் கழுத்தோரத்திலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுப் போல் ஆகியிருந்தால், அதை அழுக்கென்று தேய்ப்பதும் பூச்சால் மூடுவதும் வீண். இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணின் வெண்மையே மஞ்சளாக மாறினால் அது காமாலையாக இருக்கலாம். அளவிலோ நிறத்திலோ மாறிவரும் மச்சத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நெற்றியில் ஒட்டும் பொட்டைப் பற்றியும் ஒரு சொல். அதன் பசையிலுள்ள சில இரசாயனங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல், பொட்டு வைத்த இடத்தில் தோல் வெளுத்துவிடுவது உண்டு. அவ்வெண்மை தோன்றியதும் அதை மறைத்து, அதன்மேலேயே மீண்டும் பொட்டு ஒட்டுவது தீமையை வளர்க்கும். பொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்பதே முறை.

இன்னும் ஒன்றையும் சொல்லாமல் விட இயலாது. கன்னிப்போன காயத்தின் ஊதாவை மஞ்சளாலும் ஆரஞ்சாலும் மறைக்க இயலும் என்று ஒப்பனைக் கலைஞர்கள் அறிவார்கள். தடுக்கி விழுந்த காயமாயின் மறைப்பதில் குற்றமில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் கை ஓங்கியதால் வந்த காயமாயின், அதை மறைத்துக்கொண்டு அலுவலகத்திற்குச் செல்லும் பெண், உறவினர் எவருமில்லாத ஊரில் தனிமையை மேலும் தனிமையாக்கிக்கொள்கிறாள். அத்தகையவர்க்காகவே 181 என்னும் பெண்கள் உதவித் தொலைபேசி எண் ஏற்படுத்தப்பட்டுள்ளது. அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்ணின் கண்ணருகே பூச்சு அடிக்கடி தடித்துக் காணப்படின், கேலி செய்யாமல் பரிவோடு ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

மறைப்பதே மருந்தாக அமையும் இடமும் உண்டு. அமெரிக்காவில் லிடியா ஓலியரி என்னும் அம்மையார் முகத்தில் செவ்வூதா நிறப் பிறவி மறுவுடன் பிறந்தவர். அதன் பொருட்டு வேலைக்குத் தகுதியிருந்தும் தடை கண்ட அவர், அம்மறுவை மறைக்கவல்ல பூச்சு ஒன்றைத் தாமே உருவாக்கி, 1932ஆம் ஆண்டில் அதற்கு அரசின் காப்புரிமையும் பெற்றார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் 1975ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் தழும்பும் மறுவும் உடையோர்க்கு இத்தகைய பூச்சைப் பயிற்றுவித்து உதவிவந்தது. தீக்காயத் தழும்பு உடையோரும் வெண்புள்ளி உடையோரும் இன்று நம் நாட்டிலும் தோல் மருத்துவரின் துணையோடு இம்முறையால் பயன்பெறலாம். வெண்புள்ளி தொற்றுவதன்று, தொழுநோயோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. அதை மறைத்துக்கொள்வதும் மறைக்காமல் நடமாடுவதும் அவரவர் விருப்பம். மறைக்கும்படி வற்புறுத்தும் உரிமை மாமியாருக்கும் இல்லை, மணமகன் வீட்டாருக்கும் இல்லை.

தொகுத்துச் சொன்னால், நம் தோலுக்குரிய திருத்தி பெரும்பாலும் ஆரஞ்சே. அதன் அளவு அரிசி மணியே. அதைச் சோதிக்கும் இடம் பகல் வெளிச்சமே. இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் இரண்டு நிமிடத்தில் ஒப்பனை முடிந்துவிடும். காலை எட்டு மணி வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அதற்கு மேல் நேரமும் இல்லை. வெயிலுக்கு அரணாக அமைந்த நம் நிறத்தைப் பழித்துப் பேசும் களிம்பு எதற்கும் நம் வீட்டு அலமாரியில் இடம் கொடுக்க வேண்டா. வளரும் பெண்குழந்தைகள் நாம் கண்ணாடியின் முன் செய்வதையும் சொல்வதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 'கறுத்துவிட்டேனே' என்று நாம் வருந்துவதை அவர்கள் கேளாதிருப்பார்களாக.